மேனி செல்கின் வழி கேட்ட நாள்

மேனி செல்கினைப் பற்றிப் போன மாதம் பத்திரிகையில் வந்ததை யாரோ கத்தரித்துக் கொண்டுவந்து என் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் இருநூறு டாக்ஸிகள் லண்டன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகின்றனவே, அதை ஆரம்பித்து வைத்தவர் இவர்தானாம். "நெடுநாள் திட்டமிட்டு" ஆரம்பித்தாராம். படித்ததும் டீ கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரித்தேன், இல்லையென்றால் காலில் கொட்டியிருப்பேன். திட்டமாவது மண்ணாங்கட்டியாவது! அந்த ஆளுக்கு அன்று வாய் தவறியது, அப்புறம் வழி தவறியது. நடந்தது அவ்வளவுதான். முதல் டாக்ஸியில் உட்கார்ந்து போனவள் நான். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஐவி டிரான்டர். ரயில் நிலையத்துக்குப் பின்னால் சாலையோரம் நிற்கிற பச்சை மரக் கொட்டகையில் டாக்ஸிக்காரர்களுக்கு இருபத்தாறு வருடமாகச் சமைத்துப் போடுகிறேன். உள்ளே பத்துப் பேர் உட்காரலாம். பதினோராவது ஆள் வந்தால் முதலில் வந்தவன் எழுந்திருக்க வேண்டும். டாக்ஸி பேட்ஜ் இல்லாதவன் எவ்வளவு பெரிய சீமானாக இருந்தாலும் ஜன்னல் வழியாக டீயை வாங்கிக்கொண்டு மழையில் நிற்க வேண்டியதுதான். இந்தச் சட்டத்தை நான் போடவில்லை, ஆனால் ரொம்பப் பிடித்துப்போய் நடத்துகிறேன்.

மேனி முதல் நாள் வந்தபோதே எனக்கும் அவனுக்கும் சண்டை. அவன் வொயிட்சாப்பல் பக்கத்து யூதப் பையன், அப்பா கம்பளிக் கோட்டுத் தையல்காரர். வீட்டில் பன்றி சேர்க்கமாட்டார்கள்.

"அக்கா, அந்தச் சட்டியில எனக்கு முட்டை போடாதீங்க."

"கழுவிட்டேன்யா. உன் மூஞ்சியவிடச் சுத்தமா இருக்கு, பாரு."

"கழுவினாலும் அது பன்னி வறுத்த சட்டிதானக்கா?"

மறுநாள் வீட்டிலிருந்து சின்னதாக ஒரு சட்டியைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து என் ஆணியில் மாட்டினான். எவ்வளவு திமிர் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து வேறொருவன் அதில் கைவைத்தபோது அவன் கையில் கரண்டியால் போட்டது நான்தான்.

ஆள் குள்ளம். எதிரே வருகிறவர்களுக்கு ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு தொப்பி மட்டும்தான் தெரியும். ஆனால் அந்தத் தொப்பிக்குள்ளே லண்டன் முழுக்க இருந்தது. டாக்ஸி பேட்ஜ் வாங்க வேண்டுமென்றால் நகரத்தின் அத்தனை தெருக்களையும் மனப்பாடம் பண்ணி அதிகாரி முன்னால் நின்று ஒப்பிக்க வேண்டும். இரண்டு குளிர்காலம் சைக்கிளில் சுற்றிச் சுற்றிப் படித்தவன் மேனி. மற்றவர்கள் பேட்ஜ் கிடைத்ததும் பாதியை மறந்துவிட்டார்கள். இவன் ஒரு சந்தைக்கூட மறக்கவில்லை. மறக்காததைச் சொல்லிச் சொல்லி மற்றவர்கள் உயிரை வாங்கினான்.

எங்கள் ஆட்களைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டாக்ஸிக்காரன் பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்பான், வரி ஆபீசில்கூட மன்னிப்புக் கேட்பான், வழி மட்டும் கேட்கமாட்டான். கேட்டால் மானம் போய்விடும். அதனால் ஏதாவது முட்டுச் சந்து மறந்துபோனால் கொட்டகைக்குப் பின்னால் மேனியை ஒதுக்குப்புறமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் கேட்பார்கள். அவனும் காதில் சொல்லுவான். அப்படி யார் யார் வந்தார்கள் என்று அவனுக்கும் தெரியும், ஜன்னல் வழியாகப் பார்க்கிற எனக்கும் தெரியும். அப்படித் தள்ளிக்கொண்டு போய்க் கேட்க மேனிக்கு மட்டும் ஆள் இல்லை. "நான் பொறந்ததுலேருந்து ஒருத்தன்கிட்ட வழி கேட்டதில்ல" என்று தினமும் ஒருதடவையாவது சொல்லுவான்.

ஐம்பத்து மூன்றாம் வருடம், பிப்ரவரி மாதம், நல்ல மழை. கண் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் ஐந்து பிள்ளைகளோடு நின்று மேனியின் வண்டிக்குக் கையைக் காட்டியிருக்கிறாள். குழந்தைகள் இல்லத்தில் வேலை செய்கிறவள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், இருந்தும் வைத்துக்கொள்ள முடியாதவர்களின் பிள்ளைகள் என்று நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற இல்லம் அது. இல்லத்து வாசலுக்கு வந்ததும் நான்கு பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். ஐந்தாவது டோரீன் பாஸ்க். எட்டு வயது, முன்பல் இரண்டும் இல்லை. பின்சீட்டுக்கு எதிரே இருக்கிற மடக்கு சீட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

"இன்னொரு ரவுண்டு போ மாமா."

"எங்கம்மா போறது?"

"எங்கயாச்சும் போ. எங்க போனாலும் நல்லாத்தான் இருக்கு."

மேனி மீட்டரை நிறுத்தினான். இறங்கிய நான்கு பேரும் திரும்பி ஏறிக்கொண்டார்கள். பூங்காவை மூன்று முறை சுற்றி வந்தார்கள். திரும்பி வரும்போது கேட்டில் குடையோடு இல்லத்தை நடத்துகிற மேட்ரன் மிஸ் ஆர்மரோட் நின்றிருந்தார், கையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு.

"டீ நாலு மணிக்கு. இப்ப மணி நாலு இருபத்தஞ்சு."

மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்க வேண்டியதுதானே? வாயைத் திறந்தான் மேனி. "மிஸ், இந்தப் பிள்ளைங்க கடலைப் பாத்திருக்காங்களா?"

"இல்லை."

"நான் கூட்டிட்டுப் போறேன்."

"அஞ்சு பேரையா? மத்த நூத்தியேழு பேரும் ஜன்னல்ல நின்னு டாட்டா காட்டணுமா?"

"எல்லாரையும்தான் மிஸ்."

இதுதான் பத்திரிகைக்காரன் சொல்கிற நெடுநாள் திட்டம். மிஸ் ஆர்மரோட் அவனை மேலும் கீழும் பார்த்தார். "உங்களை மாதிரி நல்லவங்க நிறையப் பேர் இங்க வந்து வாக்குக் குடுத்திருக்காங்க. பிள்ளைங்க கோட்டை மாட்டிக்கிட்டு ஜன்னல்ல காத்துக் கிடந்ததுதான் மிச்சம். சரி, ஜூலையில ஒரு புதன்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கு நூத்திப் பன்னெண்டு பேரும் இந்த கேட்டுக்குள்ள இருக்கணும். ஆறு தாண்டினா அடுத்த வருஷம்னு ஒண்ணு கிடையாது. உங்களுக்கு மட்டுமில்ல, யார் வந்து கேட்டாலும் கிடையாது."

மேனி கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. விஷயத்தைச் சொன்னான். ஒரு டாக்ஸிக்கு நான்கு பிள்ளைகள் என்றால் இருபத்தெட்டு டாக்ஸிகள் வேண்டும். இருந்தது ஒன்று. முதலில் சிரித்தவன் பெர்ட் ஸ்கல்லி. எங்கள் கூட்டத்திலேயே பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

"டேய், ஒரு நாள் பொழப்ப விட்டுட்டுப் பொடிசுங்களைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போகணுமா? உனக்கு என்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

மேனி டீயை ஒரு வாய் குடித்தான். "போன வியாழக்கிழமை இந்தக் கொட்டகைக்குப் பின்னாடி ஒரு பெரிய மனுஷன் எங்கிட்ட வந்து, பில்கிரிம் லேன் எந்தப் பக்கம்டான்னு கேட்டான். பேர் சொல்லட்டுமா, ஸ்கல்லி?"

ஸ்கல்லி மெதுவாகக் கையைத் தூக்கினான். "நான் வர்றேன். பிள்ளைங்கன்னா எனக்கு உயிரு."

அந்த வாரம் முடிவதற்குள் இருபத்தேழு கைகள் உயர்ந்துவிட்டன. அவர்களில் பாதிப் பேர் மனசார வந்தவர்கள், அதையும் சொல்ல வேண்டும். மீதிப் பாதி, மேனி வாயைத் திறந்துவிடுவானோ என்ற பயத்தில் வந்தவர்கள். ஜூன் மாதம் ராணியின் முடிசூட்டு விழா முடிந்ததும் தெருத்தெருவாகக் கிழிந்து தொங்கிய காகிதக் கொடிகளையெல்லாம் இந்தப் பயந்தவர்கள்தான் அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். மேனியின் மனைவி ரேயும் நானும் மீன் பேஸ்ட்டும் முட்டையும் வைத்து சாண்ட்விச் செய்து கை ஓய்ந்துபோனோம்.

அந்தப் புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு இருபத்தெட்டு கறுப்பு டாக்ஸிகள், பலூனும் கொடியுமாக, ஹாரன் அடித்துக்கொண்டு சவுத்எண்டு கடற்கரைக்குக் கிளம்பின. முதல் வண்டி மேனியுடையது. அவன் பக்கத்தில் பெட்டி வைக்கிற இடத்தில் சாண்ட்விச் கூடைகள். பின்னால் நானும் நான்கு பிள்ளைகளும். டோரீன் அதே மடக்கு சீட்டில் உட்கார்ந்து கண்ணாடித் தடுப்பின் சின்ன ஜன்னலில் வாயை வைத்துக்கொண்டு மேனியிடம் விடாமல் பேசினாள். மிஸ் ஆர்மரோட் வரவில்லை. இரண்டு உதவியாளர்களை அனுப்பிவிட்டு, பிள்ளைகளை எண்ணி ஏற்றிவிட்டு, "ஆறு மணி" என்று மட்டும் சொன்னார்.

லண்டனுக்குள்ளே மேனி ஓட்டியதைப் பார்க்க வேண்டும். எந்தச் சிக்னலிலும் நிற்க வேண்டாத சந்துகளாகப் பார்த்து வளைத்து வளைத்துப் போனான், வாயில் பாட்டு வேறு. வீடுகள் குறைந்து வயல்கள் வந்ததும் பாட்டு நின்றது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அவன் படித்த பரீட்சையில் வயல் கிடையாது. பெரிய ரவுண்டானா ஒன்று வந்தது. நட்ட நடுவில் ஆள் உயரத்துக்குப் பலகை.

"மேனி, பலகையில நேராப் போகணும்னு போட்டிருக்கே."

"பலகையப் பாத்து ஓட்ட நான் என்ன லாரிக்காரனாக்கா?"

இடது பக்கம் திரும்பினான். பின்னாலேயே இருபத்தேழு டாக்ஸிகளும் திரும்பின. அந்த இருபத்தேழு பேரும் அந்தப் பலகையைப் பார்த்தவர்கள்தான். மேனிக்குத் தெரியாததா, ஏதோ குறுக்கு வழி வைத்திருக்கிறான் என்று இருபத்தேழு பேரும் நினைத்திருக்கிறார்கள். இந்த மாதிரித் தப்பை லண்டன் டாக்ஸிக்காரர்களைத் தவிர வேறு யாரும் இவ்வளவு ஒற்றுமையாகச் செய்ய முடியாது.

சாலை குறுகியது. இருபுறமும் வேலி உரசியது. பலூன்கள் ஒவ்வொன்றாக வெடித்தன, ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். மேனியின் கழுத்து சிவந்துகொண்டே போனது. அரை மணி நேரம் கழித்துச் சாலை ஒரு பண்ணை வீட்டு முற்றத்தில் போய் முடிந்தது. அதற்கப்பால் வாத்துகளும் ஒரு உப்பங்கழியும்தான். தண்ணீர் வடிந்துபோய்ச் சேறு வெயிலில் பளபளவென்று கிடந்தது. அதன் நடுவில் ஒரு படகு சாய்ந்துகொண்டு கிடந்தது.

மேனி வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் காத்திருக்கவில்லை. இருபத்தெட்டு டாக்ஸிகளின் கதவும் திறந்து நூற்றுப் பன்னிரண்டு பேரும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேற்றுக்குள் ஓடினார்கள். முழங்கால் வரை சேறு. ஒருவன் விழுந்தான், அவனைத் தூக்கப் போன இருவர் விழுந்தார்கள், அப்புறம் விழுவதற்காகவே எல்லாரும் ஓடினார்கள். உதவியாளர் இருவரும் முதலில் கத்தினார்கள். பிறகு ஒருத்தி காலுறையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

பண்ணையம்மா மிசஸ் தேக் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பால் வண்டியைத் தவிர வேறு எதுவும் வராத முற்றத்தில் கொடி கட்டிய லண்டன் டாக்ஸிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தாள். "இந்த ஓரமா விளையாடச் சொல்லுங்க, என் பேரப்பிள்ளைங்களும் இங்கதான் ஆடும். படகுக்கு அந்தாண்ட போகக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, தோட்டத்திலிருந்து பச்சைப் பட்டாணியைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினாள். சேற்றுக் கையோடு பிள்ளைகள் பட்டாணியை உரித்துப் பச்சையாகத் தின்றார்கள். அவ்வளவு சந்தோஷமான பிள்ளைகளை நான் அதுவரை பார்த்ததில்லை.

மணி ஒன்றாகியும் யாரும் மேனியிடம் பேசவில்லை. டோரீன்தான் தலைமுதல் கால்வரை சேறாக வந்து அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, இதுதான் கடலா? ரொம்ப நல்லா இருக்கு மாமா."

ஸ்கல்லி குனிந்து மேனியின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. "ஆமான்னு சொல்லித் தொலைடா. இங்கயே சாண்ட்விச்சக் குடுத்து, கால் கழுவி ஏத்தினா அஞ்சரைக்கு அந்தம்மா கேட்டுல நிக்கலாம். பிள்ளைங்களுக்கும் சந்தோஷம், அடுத்த வருஷமும் போகலாம். கடலுக்குப் போனா ஆறு மணி நிச்சயமா போச்சு."

அவன் சொன்னது சரிதான். எனக்கும் அதுவே நல்லதாகப் பட்டது, ஒளிப்பானேன்! மேனி சும்மா தலையை ஆட்டினால் போதும். ஆறு மணிக்குள் இல்லத்து வாசல், வருடா வருடம் சவாரி, யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

மேனி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். "இல்லம்மா. இது கடல் இல்ல. மாமா வழி தப்பிட்டேன்."

டோரீன் யோசித்தாள். "அப்ப கடல் இதவிடப் பெருசா?"

"ரொம்ப ரொம்பப் பெருசு."

"அப்ப எதுக்கு மாமா உக்காந்திருக்க?"

மேனி இறங்கினான். இருபத்தேழு டாக்ஸிக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க முற்றத்தைக் கடந்து மிசஸ் தேக் முன்னால் போய் நின்றான். "அம்மா, சவுத்எண்டுக்கு எப்படிப் போகணும்? எனக்கு வழி தெரியல."

என் கண் கலங்கிவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் ஒரு சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டேன். ஸ்கல்லி ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றான்.

"கடலுக்கா? ரவுண்டானாவுல நேராப் போயிருக்கணுமே," என்றாள் மிசஸ் தேக். "அங்க பெரிய பலகை ஒண்ணு இருக்கு, பாக்கலயா? அது சரி, இத்தன வண்டிய இங்கேருந்து எப்படித் திருப்பப் போறீங்க? வைக்கோல் வண்டி திருப்பவே எங்க வீட்டுக்காரரு மூணு தடவ ரிவர்ஸ் எடுப்பாரு."

அப்போதுதான் எங்கள் ஆட்களுக்கு உயிர் வந்தது. லண்டன் டாக்ஸி என்றால் இருபத்தைந்து அடிக்குள் ஒரே மூச்சில் திரும்ப வேண்டும், திரும்பாத வண்டிக்கு லைசென்ஸ் கிடையாது. மிசஸ் தேக்குக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு டாக்ஸியாக முற்றத்துக்குள் வந்து, வாத்துத் தொட்டியைச் சுற்றி ஒரே வெட்டில் திரும்பி வெளியே போனது. ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள், மிசஸ் தேக் கை தட்டினாள். ஸ்கல்லி போகிற போக்கில் தொப்பியைத் தூக்கி வணக்கம் போட்டுக்கொண்டே ஒரு கையால் திருப்பினான். போன மானம் கொஞ்சம் திரும்பி வந்தது.

சேற்றிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பிடித்து ஏற்றவே மணி மூன்றாகிவிட்டது. நாலு மணிக்குக் கடல் வந்தது. அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். பிள்ளைகள் இறங்கி, வரிசையாக நின்று பார்த்தார்கள். எல்லார் முகத்திலும் சேறு காய்ந்திருந்தது. டோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது முடியவே இல்லையே அக்கா" என்றாள். அப்புறம் கத்திக்கொண்டு ஓடினார்கள். மேனி பேன்ட்டை மடித்துக்கொண்டு நடுவில் நின்றான், எல்லாரும் அவன் மேல்தான் தண்ணீரை அடித்தார்கள்.

நான் போன் பூத்துக்குப் போய் இல்லத்துக்குப் பேசினேன். "மிஸ், கொஞ்சம் நேரமாகும்போல இருக்கு..."

"ஆறு மணி, மிசஸ் டிரான்டர்." போனை வைத்துவிட்டார்.

வந்து மேனியிடம் சொன்னேன். அவன் தண்ணீரில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தான். "எப்படியும் போயிடுச்சுக்கா. நல்லா ஆடட்டும்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் அந்தச் சிரிப்பு அவனுடையதில்லை.

திரும்பி வந்தபோது மணி ஏழு நாற்பது. ஜூலை வெயில் இன்னும் போகவில்லை. மிஸ் ஆர்மரோட் கேட்டில் நின்றிருந்தார், கடிகாரம் கையில். வழியெல்லாம் ஸ்கல்லியும் மற்றவர்களும் மேனிக்குப் பொய் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டயர் பஞ்சர் என்று சொல், மாட்டு மந்தை மறித்தது என்று சொல், பாலம் தூக்கியிருந்தது என்று சொல். மேனி நேராகப் போய் நின்றான்.

"வழி தப்பிட்டேன் மிஸ். தப்பு முழுக்க என்னுது. ஆறு மணிக்கு வந்திருக்கலாம், கடலைக் காட்டாம. எனக்கு மனசு வரல."

அவர் பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு. ஒரு பையனின் காதுக்குள்ளிருந்து சேற்றை விரலால் எடுத்துப் பார்த்தார். டோரீன் அவர் முன்னால் குதித்துக்கொண்டே, "மிஸ், மிஸ், நாங்க காணாமப் போயிட்டோம்! பட்டாணி தின்னோம்! வாத்து இருந்துச்சு!" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். கடலைக் கடைசியில்தான் சொன்னாள்.

"மிஸ்டர் செல்கின், நூத்திப் பன்னெண்டு பேரைக் குளிப்பாட்ட எங்கிட்ட மூணு பேர்தான் இருக்காங்க," என்றார் மிஸ் ஆர்மரோட். "நீங்க இருபத்தெட்டுப் பேர் சும்மா நிக்கிறீங்க."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஒன்பது மணிக்கு வெளிச்சம் மங்கும் வரைக்கும் வெந்நீர் சுமந்தார்கள், தலை துவட்டினார்கள், முற்றத்தில் உட்கார்ந்து இருநூற்று இருபத்து நான்கு செருப்புகளையும் கழுவி ஜோடி சேர்த்தார்கள். ஸ்கல்லியின் மடியில் ஒரு பையன் தூங்கிவிட்டான், அவனை எழுப்பாமல் ஸ்கல்லி அப்படியே உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது மிஸ் ஆர்மரோட் "குட் நைட்" என்றார். அடுத்த வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்றிலிருந்து மேனி அந்த இல்லம் இருக்கிற தெருவில் வண்டியை விடவில்லை. சுற்றிக்கொண்டு போனான். "ஏம்பா, எனக்குத் தெரியாதா இந்த வழி?" என்று ஏறியவர்கள் சண்டை போட்டார்கள். கொட்டகையில் எந்தத் தெரு எங்கே என்று தகராறு வந்தாலும் பேசாமல் முட்டை தின்றான். அந்த அமைதியைப் பார்க்கவே எங்களுக்குச் சகிக்கவில்லை. ஒருநாள் ஸ்கல்லி அவனை உசுப்பிவிடுவதற்காகவே, எல்லார் முன்னாலும், சத்தமாக, "மேனி, பில்கிரிம் லேன் எங்கடா இருக்கு?" என்று கேட்டான். மேனி மெதுவான குரலில் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

ஏப்ரலில் கடிதம் வந்தது, கொட்டகை விலாசத்துக்கு. மேனி பிரிக்காமல் என்னிடம் நீட்டினான், நான்தான் பிரித்துப் படித்தேன். இரண்டே வரி. ஜூலை பதினான்காம் தேதி, காலை எட்டு மணிக்குப் புறப்பாடு, மாலை ஆறு மணி என்ற நிபந்தனையில் மாற்றமில்லை. முதல் வண்டியில் வரைபடத்தோடு தானே உட்கார்ந்து வரப்போவதாக மிஸ் ஆர்மரோட் எழுதியிருந்தார். மேனி அந்தக் கொட்டகைக்குள்ளேயே என்னைத் தூக்கிச் சுற்றினான். அவன் உயரத்துக்கு அது நடக்கிற காரியமா? இரண்டு பேரும் பிஸ்கட் டப்பா மேல் விழுந்தோம்.

அதற்கப்புறம் நான்கு ஞாயிற்றுக்கிழமை ரேயை ஏற்றிக்கொண்டு சவுத்எண்டுக்குப் போய் வந்து வழியை நெட்டுருப் போட்டான். அந்த வருடம் கை தூக்கச் சொல்லி யாரையும் மிரட்ட வேண்டியிருக்கவில்லை. முப்பத்தொரு டாக்ஸிகள் வந்தன. முதல் வண்டியில் பின்சீட்டில் மிஸ் ஆர்மரோட், விறைப்பாக, மடியில் வரைபடம். பக்கத்தில் நான். எதிரே மடக்கு சீட்டில் டோரீன். அவளுக்குப் பல் முளைத்திருந்தது, வாய் மட்டும் அப்படியேதான் இருந்தது. மேனி பாடவில்லை. பலகை வரும்போதெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டு ஓட்டினான்.

ரவுண்டானா வந்தது. "நேரா, மிஸ். பலகையில நேரான்னு போட்டிருக்கு," என்றான்.

"இல்ல மாமா!" டோரீன் எழுந்து நின்றுவிட்டாள். "இந்தப் பக்கம்! மிசஸ் தேக் வீட்டுக்கு! சேத்துக்கு!"

"உக்காரும்மா. கடலுக்கு நேராத்தான் போகணும்."

பின்னால் வருகிற வண்டிகளிலிருந்தும் கேட்டது. முப்பத்தொரு வண்டிப் பிள்ளைகளும் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு "சேறு! சேறு!" என்று கத்தினார்கள். போன வருடம் வராத புதுப் பிள்ளைகள்தான் அதிகம் கத்தினார்கள், குளிர்காலம் முழுக்கக் கதை கேட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. மேனிக்கு நேராகப் போகவும் மனசில்லை, திரும்பவும் தைரியமில்லை. ரவுண்டானாவைச் சுற்றினான். அவன் பின்னால் முப்பது டாக்ஸிகளும் சுற்றின. இரண்டாவது சுற்றும் வந்தான். ஓரத்தில் ஒரு லாரிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

மூன்றாவது சுற்றில் மிஸ் ஆர்மரோட் கடிகாரத்தைப் பார்த்தார். வரைபடத்தை நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். முன்னால் குனிந்து கண்ணாடியைத் தட்டினார்.

"மிஸ்டர் செல்கின், போன வருஷம் எந்தப் பக்கம் திரும்பினீங்க?"

"இடது பக்கம், மிஸ்," என்றான் மேனி. குரல் ஈனமாகத்தான் வந்தது.

"அப்புறம் எதுக்குச் சுத்திக்கிட்டே இருக்கீங்க?"

மேனி இடது பக்கம் கையை நீட்டினான். பின்னால் முப்பது டாக்ஸிகளின் ஹாரனும் ஒன்றாக அலறியது. மிஸ் ஆர்மரோட் குனிந்து தன் ஷூவின் லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.